நடக்காத நாய்க்கு ஊசிதான் மருந்தா?



வீட்டில் வளர்க்கும் நாய்க்குத் திடீரென்று பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டால், நம் மக்கள் சொல்லும் முதல் அறிவுரை என்ன தெரியுமா? “ஊசி போட்டு விடுங்கள்.” மருத்துவரிடம் காட்டினீர்களா என்ற கேள்வி இல்லை. வலிக்கிறதா என்ற கேள்வி இல்லை. என்ன நோய் என்று கேட்பாரும் இல்லை. நாய் நடக்கவில்லை, ஆகவே நாய் சாக வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இதற்குக் ‘கருணை’ என்று பெயர் வேறு!

இந்தக் கணக்குத் தவறு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கருணைக் கொலையே கூடாது என்று வாதிடுபவள் அல்லள் நான். அது தேவைப்படும் நேரமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன். நோயின் பெயரைக்கூடக் கேளாமல் முதல் சொல்லாகவே அதைச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். நாயின் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 என முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஓர் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. வெளியே நார்வளையம், உள்ளே கூழ் போன்ற மென்பொருள். குதித்தாலும் ஓடினாலும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இந்த வட்டுதான். சில நாய்களுக்கு இளவயதிலேயே உள்ளிருக்கும் கூழ் காய்ந்து, சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் நார்வளையம் கிழிந்து, கெட்டியான பொருள் மேலே பீறிட்டுத் தண்டுவடத்தை இடிக்கிறது. காலையில் வாசலில் குரைத்த நாய் மாலையில் பின்காலை இழுத்துக்கொண்டு வருவது இதனால்தான். பெரும்பாலும் மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் இது நேர்கிறது. ஆகவே முன்னங்கால்கள் நன்றாக இருக்கும், பின்னங்கால்கள் மட்டும் செயலிழக்கும்.

நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் இனத்துக்கு இந்நோய் மிகுதி. ஐந்தில் ஒன்று வாழ்நாளில் ஒரு முறையாவது இதனால் தாக்கப்படுகிறது என்பது கால்நடை மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்லி வரும் கணக்கு. பீகிள், பெக்கினீஸ், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் ஆகியனவும் இப்பட்டியலில் உண்டு. நாயின் 12ஆம் குரோமோசோமில் கூடுதலாகப் படிந்துவிட்ட ஒரு மரபணுப் பிரதிதான் வட்டுகள் இப்படி விரைவில் முதிர்வதற்கு மூலம் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கண்டறிந்தனர். வளைக்குள் நுழைந்து வேட்டையாட வேண்டும் என்பதற்காக மனிதன்தான் குட்டைக் கால் நாய்களைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கினான். பார்க்க அழகாக இருக்கிறது என்று இன்று நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அழகுக்கு விலை கொடுத்தவர்கள் நாம். முதுகால் விலை கொடுப்பது அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, “அதன் தலையெழுத்து” என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு கூச வேண்டும்!

சரி, கால் விழுந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கால்நடை மருத்துவர்கள் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையில் வலி மட்டும். இரண்டில் தள்ளாடி நடக்கும். மூன்றில் கால்கள் அசையும், ஆனால் நிற்க முடியாது. நான்கில் அசைவே இராது. ஐந்தில், விரலை இடுக்கியால் அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாது. முதல் இரண்டு நிலைகளில் மிகப்பல நாய்கள் மருந்தாலும் ஓய்வாலுமே தேறிவிடுகின்றன. நான்காம் நிலையில்கூட, வலியுணர்வு இருக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மீண்டும் நடக்கின்றன. ஐந்தாம் நிலையில் அது பாதிக்குப் பாதியாகக் குறைகிறது. அங்கே நாள்கணக்கில் காத்திருப்பதற்கில்லை. “வாரக் கடைசியில் கொண்டு போகலாம்” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்தில் ஒன்பது பிழைத்து நடக்கக்கூடிய ஒரு நோய்க்கு நாம் கொடுக்கும் முதல் தீர்ப்பு மரணம்! எந்தத் தேர்வில் இப்படி விடை எழுதினாலும் சுழியம்தான் கிடைக்கும்.

ஓய்வு என்றேன். அந்தச் சொல்லையும் நம்மவர்கள் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். வீட்டுக்குள் கட்டிப்போடுவது ஓய்வாகாது. எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடமுள்ள கூண்டில், குறைந்தது நான்கு வாரம், சிறுநீர் கழிக்க மட்டும் தூக்கிச் சென்று திரும்ப வைப்பதே ஓய்வு. இரண்டாம் வாரத்தில் வலி குறைந்து நாய் வாலாட்டும். உடனே பிள்ளைகள் கதவைத் திறந்து விடுவார்கள். அது சோபாவில் ஏறிக் குதிக்கும். ஆறிவரும் வட்டு மறுபடியும் கிழியும். பாவம் என்று திறந்து விடுகிற கைதான் அங்கே கெடுதல் செய்கிறது.

இதைவிடக் கொடுமை கைவைத்தியம். கோடாலித் தைலத்தை முதுகில் சூடு பறக்கத் தேய்ப்பது. நாய் அதை நக்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்வது. யாரோ ஒருவர் வந்து முதுகெலும்பை ‘நீவி’ எடுப்பது. வலிக்கிறதே என்று அலமாரியில் இருக்கும் பனடோலை உடைத்துக் கொடுப்பது. மனிதருக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு ஆகா. பாராசிட்டமோல் கல்லீரலைத் தாக்கும். இபுபுரோஃபன் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று அழற்சி நீக்கி மருந்துகள் இருக்கின்றன. நரம்பு வலிக்கும் தனி மருந்து இருக்கிறது. அவற்றையும் அளவறிந்து மருத்துவர்தாம் தர வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்த நாய்க்கு அழற்சி நீக்கியையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் ஏற்பட்டு இரத்தம் கசியும். பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய மாத்திரையை இரவல் வாங்குவோருக்கு இது தெரிய வேண்டாமா?

இனி, எல்லாம் செய்தும் கால் வரவில்லை என்றால்? உண்மையான வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டுச் சின்னான் அப்படிப்பட்டவன். டாஷ்ஹண்ட் கலப்பு. ஆறாம் வயதில் விழுந்தான். ஐந்தாம் நிலை. அறுவைச் சிகிச்சை செய்தோம், கால்கள் திரும்பவில்லை. இப்போது அவனுக்கு ஒன்பது வயது. இந்த மூன்று ஆண்டுகளில் என் வீட்டுக்கு வந்த உறவினர்களில் பாதிப் பேராவது, அவன் காதுபடவே, “இப்படி ஏன் வதைக்கிறீர்கள் டீச்சர், நிம்மதியாக அனுப்பி விடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போது சின்னான் என்ன செய்துகொண்டிருப்பான் தெரியுமா? அவர்கள் கையில் இருக்கும் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வதை எங்கே இருக்கிறது? அவனுக்கு வலி இல்லை. மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்கிறார். சாப்பிடுகிறான். குப்பை லாரி வந்தால் தெருவுக்கே கேட்கும்படி குரைக்கிறான். இழந்த காலை நினைத்து ஏங்கி உட்கார்ந்திருப்பது மனிதனுக்கு உள்ள குணம். தான் ஊனமுற்றவன் என்று பிறர் பார்ப்பார்களே என்ற வெட்கமும் நமக்கு உள்ளதுதான். நாய்க்கு அப்படியொரு வெட்கம் இருப்பதை நான் இந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாளும் கண்டதில்லை. கூச்சப்படுபவர்கள் நாம். இழுத்து நடக்கும் நாய் வாசலில் இருந்தால் விருந்தினர் முகஞ்சுளிப்பார்களே என்ற நம் கூச்சத்தை நாயின் வேதனை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அப்படியானால் பார்த்துக்கொள்வதற்கு என்னதான் செய்ய வேண்டும்? கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் “முடியாது” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் என்ன செய்ய வேண்டும் என்பதையே அறியாதவர்கள்.

முதலாவது சிறுநீர்ப்பை. இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் இதுதான் உயிர்நாடி. தண்டுவடம் அடிபட்ட நாய்க்குப் பல நேரங்களில் தானாகச் சிறுநீரை முழுதும் கழிக்க முடியாது. பை நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து, “அதுதான் போகிறதே” என்று இருந்துவிடுவோர் உண்டு. தேங்கி நிற்கும் நீரில் கிருமி வளரும். சிறுநீரகம் வரைக்கும் போகும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வயிற்றின் இருபுறமும் கைவைத்து, மெதுவாகவும் சீராகவும் அழுத்திப் பையைக் காலிசெய்ய வேண்டும். இதை மருத்துவரிடம் நேரில் பழக வேண்டும். எழுத்தில் படித்துச் செய்யக்கூடாது. பழகிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நான் பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு முறை, பள்ளி முடிந்து வந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை செய்கிறேன். சிறுநீர் கலங்கினாலோ, நாற்றம் மாறினாலோ, இரத்தம் கண்டாலோ அன்றே மருத்துவமனை.

இரண்டாவது தோல். அசையாமல் ஒரே பக்கம் படுத்தால் இடுப்பெலும்பு உறுத்தும் இடத்தில் புண் வரும். நம் ஊர் வெப்பத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்க இரண்டு நாள் போதும். தடித்த மெத்தை, மேலே உடனே உலரும் துணி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல். பேம்பர்ஸ் கட்டினால் ஈரம் பார்த்து மாற்ற வேண்டும். காலையில் கட்டி மாலையில் அவிழ்ப்பதாக இருந்தால் கட்டாமலே விடலாம்.

மூன்றாவது தரை. நம் வரிசை வீடுகளில் எங்கும் டைல்ஸ். பின்கால் பலமற்ற நாய்க்கு அது பனிக்கட்டிச் சறுக்கு மேடை. பாலர் பள்ளிகளில் விரிப்பார்களே, ஒன்றோடொன்று கோக்கும் ரப்பர்ப் பாய்த் துண்டுகள், அவற்றை வாங்கி அது நடமாடும் வழியில் மட்டும் விரித்தால் போதும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போட வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில், முதுகு மட்டமாக இருக்க வேண்டும். அக்குளில் கைவிட்டுக் குழந்தையைப் போல் செங்குத்தாகத் தூக்குவது கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். பெரியவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

உடல் எடையைப் பற்றி நீட்டப் போவதில்லை. குண்டு நாயின் முதுகு இரட்டைச் சுமை சுமக்கிறது. பிஸ்கட்டை நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

பிறகு சக்கர வண்டி. கடையில் வாங்க வசதி இல்லாதவர்கள் பி.வி.சி. குழாயாலும் பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களாலும் செய்துகொள்ளலாம். என் தம்பி அப்படித்தான் செய்து கொடுத்தார். மூன்றாவது முயற்சியில்தான் உயரம் சரியாக வந்தது. உயரம் பிசகினால் முதுகு வளையும். ஆகவே மருத்துவரிடம் ஒரு முறை மாட்டிக் காட்டுவது நல்லது. இன்னொன்று. வண்டி உலாவப் போவதற்கு. நாள் முழுதும் மாட்டி வைப்பதற்கன்று. மாட்டிய நிலையில் நாய் வசதியாகப் படுக்க முடியாது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, மாலை வரை வண்டியிலேயே நிறுத்தி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊசி போடச் சொல்பவர்களுக்கும் இவர்களுக்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. இருவருமே நாயைப் பார்க்கவில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

“பணம்?” நியாயமான கேள்வி. அறுவைச் சிகிச்சை எல்லாராலும் இயலாது. தண்டுவடத்தைப் படம் பிடிக்கும் கருவியும் எல்லா ஊரிலும் இல்லை. செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஆனால் எஸ்டேட்டில் இருப்பவர் அங்கே போய்வருவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே நான் சொன்ன அன்றாடப் பராமரிப்பில் எத்தனை ரிங்கிட் செலவு? பாய், பழந்துணி, இரண்டு கை. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்பது ஒன்று; பராமரிக்க மனமில்லை என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க வேண்டாம்.

“மனிதர்களே சோற்றுக்கு அல்லாடும்போது நாய்க்கு இவ்வளவா?” என்று சிலர் கேட்கிறார்கள். இதைக் கேட்பவர்களில் ஒருவரேனும் அல்லாடும் மனிதருக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் அறியேன். கொடுப்பவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வளர்க்கும் விலங்கை வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். கால் விழுந்த நாயைச் செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் இதை ஒருமுறை படித்தால் தேவலாம்.

ஆசிரியர்களுக்கு என்ன வேலை இதில் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

நம் மாணவர்கள் தன்கதை எழுதுகிறார்கள். ‘நான் ஒரு மிதிவண்டி’, ‘நான் ஒரு காலணி’. தொழிற்சாலையில் பிறந்து, கடைக்கு வந்து, ஒருவனிடம் உழைத்து, தேய்ந்து, கடைசிப் பத்தியில் குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் விடும். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை திருத்துகிறோம்! நான் ஒரு முறை ‘நான் ஒரு நாய்’ என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது பிள்ளைகளில் பெரும்பாலோர் அதே சட்டகத்தில்தான் எழுதினார்கள். திருடனைப் பிடித்தது, லாரியில் அடிபட்டது, கால் போயிற்று, முதலாளி தெருவில் விட்டார். ஒரு பிள்ளைக்குக்கூட, கால் போன நாயை முதலாளி வைத்துக்கொண்டார் என்று எழுதத் தோன்றவில்லை. மிதிவண்டிக்கும் நாய்க்கும் ஒரே முடிவு! பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. வீட்டில் கண்டதையும் நாம் கொடுத்த மாதிரிக் கட்டுரையில் கண்டதையும் எழுதினார்கள். இதே பிள்ளைகள்தாம் நன்னெறிப் பாடத்தில் ‘பரிவு’ என்ற பண்புக்கு முழுப் புள்ளி வாங்குகிறார்கள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். நம் வகுப்புகளில் காலில் தாங்கி அணிந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் இருக்கிறார்கள். நாயையும் பிள்ளையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. வைப்பவர் எவரையும் மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் “நடக்க முடியாவிட்டால் இருந்து என்ன பயன்” என்ற சொற்றொடர் இருக்கிறதே, அது காற்றில் போகும்போது இது நாய்க்கு, இது மனிதருக்கு என்று முகவரி எழுதிக்கொண்டு போவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து நீங்கள் நாயைப் பற்றிச் சொன்னதைப் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அது நாளைக்கு வகுப்பில் யார் அருகில் உட்காரப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

கருணைக் கொலை தேவைப்படும் நேரம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். ஐந்தாம் நிலைக்குப் போன நாய்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம் மேலும் கீழுமாகச் சில நாள்களில் அழிந்துகொண்டே போகும். செயலிழப்பு முன்னங்கால்களுக்கு ஏறும். இறுதியில் மூச்சுவிட முடியாது. அதற்கு மருத்துவம் இல்லை. அந்நிலையில் காத்திருக்க வைப்பதுதான் கொடுமை. மருந்துக்கு அடங்காத வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, உணவை மறுத்து முகம் திருப்பிக்கொள்ளுதல் ஆகியனவும் அந்த ஊசியைப் பற்றிப் பேச வேண்டிய காரணங்களே. வயதான ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு வரும் தண்டுவடத் தேய்வு வேறு வகை. வலி இராது, ஆனால் குணமும் ஆகாது, மெல்ல மெல்ல முன்னேறும். அங்கேயும் ஒரு நாள் அந்த முடிவு வரும். ஆனால் அதற்கு முன் ஓராண்டோ அதற்கு மேலோ நல்ல நாள்கள் இருக்கலாம். அவற்றை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்ள நாம் யார்?

அந்த நாள் வந்தால் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். “தோட்டத்துத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அங்கே ஓடி விளையாடுகிறது” என்று சொல்லி வைக்கிறீர்கள். என் வகுப்பில் படித்த பையன் ஒருவன் விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனான். நாய் இல்லை. அம்மாவிடம் கேட்டிருக்கிறான், ஓடிப்போய்விட்டது என்றார்களாம். பள்ளி திறந்ததும் என்னிடம் வந்து, “டீச்சர், அதுக்குத்தான் கால் இல்லையே, எப்படி ஓடிப் போச்சு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவனுடைய பெற்றோர். வரச் சொல்லி எழுதி அனுப்பினேன். வந்தார்கள், அன்று மாலையே அவனிடம் உள்ளதைச் சொன்னார்கள். ஒரு வாரம் அழுதானாம்.